ஷிப்டில் மட்டும் வலிக்கும் முட்டி

முட்டி வைத்தியத்தில் பெரிய தொல்லை என்னவென்றால், வலிக்கிற இடத்தை நோயாளி விரலால் தொட்டுக் காட்டிவிடுவார். வைத்தியம் பார்ப்பவன் அதற்கு மேலேயோ கீழேயோ பார்த்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறவர்களாகத்தான் இருப்பீர்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கையில் உங்களை அறியாமல் "அப்பப்பா" என்று ஒரு சத்தம் வருகிறதா? அப்படியென்றால் நாமெல்லாம் ஒரே கட்சி. அறுபதுகளில் நெய்வேலியில், சுரங்கத்து ஆட்களுக்கான ஓர் ஆஸ்பத்திரியில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தபோது நடந்த சிலவற்றை உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. சிரிக்கிற இடத்தில் சிரியுங்கள். எழுந்திருக்கும்போது மட்டும் மெதுவாக எழுந்திருங்கள்.

கரண்ட் டாக்டர்

தாழ்வாரத்துக் கடைசி அறை என்னுடையது. ஒரு கட்டில், ஏறி இறங்க ஒரு மரப்படி, சில மணல் பைகள், சிவப்பாக எரியும் ஒரு விளக்கு. இவ்வளவுதான் என் ராஜ்யம். பிசியோதெரபிஸ்ட் என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அந்த விளக்கை வைத்து எனக்குக் 'கரண்ட் டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மகன் வீட்டுக்கு வந்திருந்த நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயி ஒருவரை அந்த நாட்களில் என்னிடம் அனுப்பினார்கள். குந்தி எழுந்தால் முட்டிச் சில்லைச் சுற்றிலும் வலி. தொடைத் தசை இளைத்திருந்தது. கட்டிலில் படுக்கச் சொல்லி, குதிகாலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "தொடையை இறுக்குங்க, முட்டியைக் கீழே அழுத்துங்க, அப்படியே வைச்சிருங்க, இப்ப விடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மனிதர் சொன்னபடியெல்லாம் செய்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது. ஊசி, மாத்திரை ஏதாவது கண்ணில் படுகிறதா என்று அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "வலிக்கிறதும் எனக்கு, வேலை செய்யறதும் நானு. நடுவுல நீங்க எதுக்குங்க?"

அரிசிப் பை

மாடி குவார்ட்டர்ஸ் கிடைத்த குடும்பங்களில் பெண்களுக்கு முட்டி வலி வந்தது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த மீனாட்சியம்மாள் பிறந்ததிலிருந்து மாடிப்படி ஏறியதில்லை. இங்கே தண்ணீருக்கு, துணி உலர்த்த, காய்கறிக்காரியைக் கூப்பிட என்று நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஏறும்போதுகூடப் பொறுத்துக்கொள்வார். இறங்கும்போதுதான் உயிர் போகிறது என்றார். கீழ்வீடாக மாற்றித்தர நான் சிபாரிசு செய்ய வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

வீடு மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆகவே முட்டியைப் பற்றிச் சொன்னேன். கிணற்று ராட்டினத்தில் கயிறு ஒரு பள்ளத்தில் ஓடுகிறது அல்லவா? தொடை எலும்பின் முனையிலும் அப்படி ஒரு பள்ளம். முட்டிச் சில்லு அதற்குள்தான் மேலும் கீழும் ஓடுகிறது. தொடைத் தசை பலமாக இருந்தால் சில்லு நடுவில் ஓடும். தசை தளர்ந்தாலோ, கால் ஒரு பக்கம் திரும்பினாலோ அது பள்ளத்தின் ஓரத்தில் உரசும். படி இறங்கும்போது உடம்பின் பாரமெல்லாம் அங்கே வந்து விழுகிறது. தொடையைப் பலப்படுத்தினால் மாடி வீடே போதும். ஆஸ்பத்திரி மணல் பையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. துணிப் பையில் அரிசியைக் கட்டிக் கணுக்காலில் வைத்துக் காலைத் தூக்கிப் பழகச் சொன்னேன். அடுத்த முறை வந்தவர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கால்ல அரிசிப் பையைக் கட்டிக்கிட்டுப் படுத்திருந்தேனா, எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு, இது எந்தக் கோயில் வேண்டுதல்னு கேக்கிறார்!"

மச்சானின் சைக்கிள்

டைம் ஆபீஸ் குமாஸ்தா ராகவன் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. அவருடைய தங்கை கணவர் ராகவனின் தோளுக்குக்கூட வரமாட்டார். இரண்டு பேருக்கும் ஒரே சைக்கிள். ஒருவர் காலையில் எடுத்துக்கொண்டு போவார், மற்றவர் இரண்டாம் ஷிப்டுக்கு எடுத்துக்கொண்டு போவார். ராகவனுக்கு இரண்டு முட்டியிலும் சில்லுக்கு அடியில் எரிச்சல். நானும் விளக்கு வைத்தேன், தொடைக்குப் பயிற்சி கொடுத்தேன். குறைகிற மாதிரி இருக்கும், மறுபடி வரும்.

ஒருநாள் அவர் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முட்டி இரண்டும் மார்பில் இடிக்கிற மாதிரி மிதித்துக்கொண்டு போனார். சீட்டு அவ்வளவு கீழே இருந்தது. மடங்கிய முட்டியால் பாரத்தை மிதித்தால் சில்லு பள்ளத்தில் போய் அழுந்தத்தான் செய்யும். கூப்பிட்டுச் சீட்டை உயர்த்தச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அந்தச் சைக்கிள் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இவரே வாங்கிக் கொடுத்தது. "மாப்பிள்ளை சைக்கிள்ல கைய வைச்சு சீட்டை ஏத்தினா, என் முட்டி நிமிரும் சார். அப்புறம் என் தங்கச்சி பொட்டியோட எங்க வீட்டு வாசல்ல நிப்பா, பரவாயில்லையா?"

ஏழுமலை

இனி வரப்போவது ஏழுமலையின் கதை. முத்தாண்டிக்குப்பத்துப் பக்கத்தில் ஒரு சிற்றூர்க்காரர். சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாத குடும்பம். அப்பா, அம்மா, அண்ணன்மார் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். ஏழுமலை சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, பழுப்பு நிலக்கரியை மேலே கொண்டுவரும் பெல்ட்டின் ஓரமாக நடந்து, உருளைகளில் அப்பிக்கொள்ளும் களிமண்ணைச் சுரண்டும் வேலை பார்த்தார். இரும்புப் படிகளில் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும். சீக்கிரத்தில் சில பேரைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு. போர்மேன் நல்ல வார்த்தை சொன்னால் அவருக்குக் கிடைக்கும். அந்த நேரம் பார்த்து வலது முட்டி மக்கர் செய்தது.

கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தேன். வீக்கம் இல்லை. நடக்கச் சொன்னேன். வெறுங்காலில் மரப்படியில் ஏறி இறங்கச் சொன்னேன். முட்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் நேராக வந்தது. இப்படி ஒரு காலை நான் படம் போட்டு மாட்டிவைக்கலாம். "இப்ப வலிக்குதா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். எப்போதுதான் வலிக்கும் என்று கேட்டேன். "வூட்ல வலிக்கிலீங்க. வயக்காட்டுல வலிக்கிலீங்க. ஷிப்டுல ஏறிகினு எறங்கிகினு இருந்தாதான் வலிக்குது. இத சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க, நீங்களும் சிரிச்சிடாதீங்க."

போர்மேன் கேட்டது

நான் சிரிக்கவில்லை. ஆனால் போர்மேன் சுந்தரம் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. பெல்ட் நின்றால் மேலே பதில் சொல்ல வேண்டியவர். படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் கவலை. ஏழுமலைக்கு நிஜமாகவே வலியா, பாசாங்கா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடும்படி என்னிடம் நேரில் வந்து கேட்டார்.

காலில் கோளாறு எதுவும் எனக்குத் தென்படவில்லை என்பதை மறைக்க முடியவில்லை. வலி பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் அவகாசம் கேட்டேன். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "முப்பது நாளும் வலிக்கிற முட்டிய பார்த்திருக்கேன், மழைக்கு வலிக்கிற முட்டியையும் பார்த்திருக்கேன். சங்கு ஊதினா மட்டும் வலிக்கிற முட்டிய இப்பத்தான் சார் பார்க்கிறேன்."

முனியம்மாவின் தரை

அந்த மாதங்களில் ஏழுமலையைப் போலவே இன்னும் சில சுரங்கத்து ஆட்கள் அதே வலியோடு வந்தார்கள். எல்லோரும் வெறுங்காலோடு வந்தார்கள், வெறுங்காலோடு நடந்து காட்டினார்கள், எல்லோர் காலும் நன்றாக இருந்தது. நம் ஊரில் ஆஸ்பத்திரி அறைக்குள் யார் செருப்போடு நுழைகிறார்கள்? வாசலில் விட்டுவிட்டுத்தான் வருவார்கள். எனக்கும் அதில் வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை.

வார்டு ஆயா முனியம்மாவுக்கு அந்தத் தாழ்வாரத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரை சொந்தச் சொத்து மாதிரி. தேங்காய் நாரும் எண்ணெயும் போட்டு அதைக் கண்ணாடியாக வைத்திருப்பாள். ஒருநாள் காலை வாசலில் ஒரே கூச்சல். ஏழுமலையின் பூட்ஸ் ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தரையில் விழுந்திருந்த கீறல்களைக் காட்டி அவரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். குதிகாலில் பிறை மாதிரி ஒரு இரும்புத் தகடு. "வாசலோட வுட்டாலும் கீறிட்டுப் பூடுது! மாட்டுக்கு லாடம் அடிப்பாங்க, மனுசன் லாடம் அடிச்சிகினு வந்து இங்கதான் பாக்குறேன்!"

எதிரில் போட்டுக்கொண்டது

அவளிடமிருந்து பூட்ஸை வாங்கித் தரையில் வைத்தேன். அது உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது. தகடு குதிகால் முழுவதும் இல்லை, வெளி ஓரத்தில் மட்டும்தான். எல்லோருக்கும் செருப்பு முதலில் தேய்வது அந்த ஓரம்தான். அது தேயக்கூடாதென்று அங்கே மட்டும் அடித்திருக்கிறார்கள். பக்கத்திலிருந்த மற்ற ஜோடிகளையும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் அதே மாதிரி சாய்ந்தன.  

"பூட்ஸைப் போட்டுக்கிட்டு உள்ள வாங்க, ஏழுமலை" என்றேன். அவர் அசையவில்லை. "உள்ளயா? உங்க எதிருலயா?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் வீட்டில் பூட்ஸோ செருப்போ காலில் போட்ட முதல் ஆள் அவர். அவருடைய அப்பா, ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கக்கூடச் செருப்பில்லாமல் வாழ்ந்தவர். நான் சொன்ன ஒரு சாதாரண வார்த்தை அவருக்குச் சாதாரணமாக இல்லை. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். முனியம்மாகூடத் தரையை மறந்துவிட்டு, "போ தம்பி, போட்டுகினு போ" என்றாள்.

பூட்ஸோடு மரப்படியில் ஏறி இறங்கினார். நேராக இருந்த கால் காணாமல் போயிற்று. ஒவ்வொரு படிக்கும் பாதம் உள்ளே சாய்ந்தது. பாதத்தோடு கணுக்கால் திரும்பியது, அதோடு தொடையும் உள்ளே திரும்பியது. சில்லு மட்டும் பள்ளத்தை விட்டு வெளிப்பக்கம் ஒதுங்கி உரசியது. "இதோ, இங்கதாங்க!" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிறது என்று ஒருவர் சொல்லி நான் அவ்வளவு மகிழ்ந்தது அதுவே முதல்முறை. லாடத்தைப் பிடுங்கிவிட்டுத் தொடைக்குக் கொஞ்ச நாள் பயிற்சி செய்தால் போதும் என்றேன். அவர் மகிழவில்லை. பூட்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பூட்ஸு தேய்ஞ்சா தேய்ஞ்சிட்டுப் போவுதுங்க. லாடம் இல்லன்னா தெருவுல நடக்கும்போது சத்தம் வராதுங்களே."

மந்தாரக்குப்பத்தில்

அன்று மாலையே இருவரும் மந்தாரக்குப்பம் போனோம். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கும் சின்னசாமிதான் அந்த லாடங்களை அடித்தவர். பழைய மாட்டு வண்டிச் சக்கரத்துப் பட்டையை வெட்டி அடித்திருந்தார். அதனால்தான் அவ்வளவு தடிமன். சுரங்கத்தில் பூட்ஸ் கொடுத்த புதிதில் பெல்ட் ஆட்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் வந்து அடித்துக்கொண்டு போனார்களாம். கோணலாக அடித்துவிட்டீர்கள் என்று நான் கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குறடால் தகடுகளைப் பிடுங்கி, ஆணி ஓட்டைகளில் மரக்குச்சி வைத்து அடைத்து, பூட்ஸை மட்டமாக நிறுத்திக் காட்டினார். ஏழுமலை போட்டுக்கொண்டு நாலடி நடந்தார். சத்தமே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. சின்னசாமி என் பக்கம் திரும்பினார். "பூட்ஸு தேயக்கூடாதுன்னு வந்தாங்க, தேயாம பண்ணிக் குடுத்தேன். முட்டி தேயக்கூடாதுன்னு ஒருத்தரும் எங்கிட்ட கேக்கலீங்களே, சாமி!"

பெல்ட்டும் உருளையும்

லாடத்தைப் பிடுங்கியவுடன் வலி மறைந்துவிடவில்லை. உரசி நொந்துபோன இடம் ஆற வேண்டும், தசை திரும்ப வேண்டும். போர்மேன் அவ்வளவு நாள் காத்திருப்பாரா என்பதுதான் ஏழுமலையின் பயம். பர்மனென்ட் கைநழுவினால் கான்ட்ராக்டிலும் நீடிக்க முடியாது, திரும்பவும் வயல் கூலிதான். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுந்தரத்தை வரச்சொல்லி அனுப்பினேன். சிரிப்போடுதான் வந்தார். நான் முட்டியைப் பற்றியே பேசவில்லை. "உங்க பெல்ட் நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாகப் போய் ஓரத்தில் உரசினால் என்ன செய்வீங்க? பெல்ட்டைத் திட்டுவீங்களா?" என்றேன். "பெல்ட்டை ஏன் சார் திட்டணும்? அடியில எங்கயாவது உருளை சாஞ்சிருக்கும். அதை நிமித்தினா பெல்ட் தானா நடுவுக்கு வந்துடும்" என்றார். பிடுங்கிய லாடம் ஒன்றை மேஜைமேல் வைத்தேன். லாடத்தோடிருந்த வேறொருவரின் பூட்ஸைப் பக்கத்தில் நிறுத்தினேன். அது சாய்ந்தது. அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வேலையிடத்தில் உருளையைப் பார்க்கிற மாதிரியே அதைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஆள் எடுக்கிற வரைக்கும் ஏழுமலையைப் படி வேலையிலிருந்து மாற்றிக் கீழ்மட்டத்தில் போடுகிறேன் என்று தானாகவே சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பினார். "உருளைய நிமித்திட்டேன்னு சொல்றீங்க, நம்புறேன். மறுபடி பெல்ட் உரசினா அவனை இல்ல, உங்களைத்தான் வந்து கேப்பேன்."

தெருவில் கேட்ட சத்தம்

பெல்ட் உரசவில்லை. ஏழுமலை தினமும் தொடைப் பயிற்சியைத் தவறாமல் செய்தார். என் நோயாளிகளில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. மெல்ல மெல்லப் படிக்குத் திரும்பினார். போர்மேன் நல்ல வார்த்தை சொன்னார். பர்மனென்ட் ஆயிற்று. சேதி சொல்ல வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதுவிட்டார். முட்டி வலித்தபோதெல்லாம் அழாத மனிதர்.

சில வாரம் கழித்து, புது பூட்ஸோடு வந்தார். தாழ்வாரத்தில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டபோதே நான் வாசலைப் பார்த்தேன். மறுபடியுமா! முனியம்மா துடைப்பத்தோடு எழுந்தாள். அவர் வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, நான் சொல்லாமலே மரப்படியில் ஏறி இறங்கினார். முட்டி நூல் பிடித்த மாதிரி போய்வந்தது. பிறகு ஒரு காலை மடக்கிக் குதிகாலைக் காட்டினார். சின்னசாமி இந்த முறை குதிகால் முழுவதும் தோலைக் குடைந்து, மெல்லிய தகட்டைத் தோலோடு தோலாக மட்டமாகப் பதித்திருந்தார். தரையில் நிறுத்திப் பார்த்தேன். கொஞ்சமும் சாயவில்லை. "நேத்து இத போட்டுகினுதாங்க எங்க ஊரு பெரிய தெருவு வழியா வூட்டுக்குப் போனேன். முட்டி வலிக்கல. எங்க அப்பாரு வாசல்ல ஒக்காந்துகினு இருந்தாரு, நான் தெருக்கோடியில வரும்போதே சத்தத்த கேட்டு எழுந்து நின்னுட்டாருங்க."

முட்டியைப் பார்த்தே காலம் தள்ளியவன் என்ற முறையில் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: முட்டி வலி என்று யாராவது உங்கள் வீட்டுக்குள் வந்தால், அவர் வாசலில் எதைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார் என்பதை முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.